சபாஷ் சொன்ன மாப்பிள்ளை

“மாப்பிள்ளையைக் காணோம்!”

மூச்சிரைக்க மாடியேறி வந்த பெண் டாக்டர் முதலில் சொன்னது அதைத்தான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். ஒரு செருப்பு காலில், வார் அறுந்த இன்னொன்று கையில்.

ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்த சின்னவன் நிமிர்ந்தான்.

“பொண்ணு பிடிக்காம ஓடிட்டாரா, இல்ல பொண்ணுக்கு இவரைப் பிடிச்சுப்போச்சுன்னு பயந்து ஓடிட்டாரா?”

“வாயை மூடு தம்பி,” என்றாள் அண்ணி.

அவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடிக்கும் வேலை பார்த்தவள். மேலதிகாரியின் மைத்துனர் காரே ஒரு பொய் விபத்தில் சிக்கியபோது அதையும் பிடித்தாள். மறுவாரம் வேலை போனது. அதன்பிறகு இந்த மாடி அறையில் துப்பறியும் நிலையம் திறந்தாள். ஊருக்கெல்லாம் அண்ணியானாலும், முறைப்படி கொழுந்தன் ஒருவன்தான்: கணவரின் தம்பி, சின்னவன். சேர்ந்த வேலையிலெல்லாம் வாயால் கெட்டவன். ‘வெளியே விட்டால் ஊர் தாங்காது’ என்று அவளே உதவியாளனாக வைத்துக்கொண்டாள்.

“உட்காருங்க டாக்டர். கல்யாணம் எப்போ?”

“ஐயோ, கல்யாணம் எல்லாம் இல்லைங்க. அவர் ஒரு பொம்மை!”

“எல்லா மாப்பிள்ளையும் கொஞ்ச நாள்ல அப்படித்தான் ஆயிடறாங்க,” என்றான் சின்னவன். அண்ணி அவன் கையிலிருந்த டீயைப் பிடுங்கி டாக்டரிடம் நீட்டினாள்.

டீ உள்ளே போனதும் விஷயம் வெளியே வந்தது.

டாக்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் வேலை பார்ப்பவள். திடீரென்று இதயம் நின்று ஒருவர் விழுந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துவைக்க வேண்டும். அதைச் செய்யவேண்டியவர் பக்கத்தில் நிற்பவர்தான். அந்த நேரத்தில் டாக்டர் எங்கே இருப்பார்? அதனால் பஸ் ஓட்டுநர்கள், சந்தைக் கடைக்காரர்கள், சலூன்காரர்கள் என்று தெருத்தெருவாகப் போய்க் கற்றுக்கொடுக்கிறாள். அதற்காக அவளே செய்த பொம்மைதான் மாப்பிள்ளை. எங்கே போனாலும் கூட்டம் சூழ்ந்துகொள்வதால் வந்த பெயர்.

“சும்மா பொம்மை இல்லைங்க, பேசும். அழுத்தம் குறைஞ்சா, ‘இன்னும் அழுத்து!’ன்னு அதட்டும். கை ஓய்ஞ்சா, ‘நிறுத்தாதே!’ன்னு கத்தும். சரியா செஞ்சா, ‘சபாஷ், அப்படித்தான்!’ன்னு பாராட்டும்.”

“செலவுக்கு?”

“பல்கலைக்கழகமே விதை நிதின்னு ஒண்ணு வச்சிருக்கு. புது யோசனைக்கு முதல்ல கொஞ்சம் கொடுப்பாங்க. முளைவிட்டாத்தான் அடுத்த தவணை.”

“முளைக்கலைன்னா?” என்றான் சின்னவன்.

“தொட்டியை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. இன்னிக்கு மத்தியானம் நிதிக்குழு முன்னாடி நான் செஞ்சு காட்டணும். காலைல ரூமைத் திறந்தா மாப்பிள்ளை இல்ல. இன்னொண்ணு செய்ய ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள வகுப்பெல்லாம் நின்னுடும்.” டாக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “போன மாசம் ஒரு டீக்கடைக்காரர் தன் கடையில விழுந்தவரை அழுத்தியே காப்பாத்தினாருங்க. என் வகுப்பில படிச்சவர்.”

அண்ணி எழுந்து கைப்பையை மாட்டினாள். “தம்பி, செருப்புக்கு ஒரு ஊக்கு கொடு. கிளம்பலாம்.”

*

டாக்டரின் அறை இரண்டாவது மாடிக் கோடியில் இருந்தது. ஒரு மேஜை, சுவரில் பெரிய இதயப் படம், அதன் கீழே காலியான நீளப் பெஞ்சு. பூட்டு உடைந்திருக்கவில்லை. பூட்டும் பழக்கமே இல்லை என்று டாக்டர் தலைகுனிந்து சொன்னாள். பொம்மையை யார் திருடுவார்கள் என்ற நம்பிக்கை.

எதிர் அறையிலிருந்து தலை நரைத்த ஒருவர் எட்டிப் பார்த்தார். எலிகளுக்குத் தூக்கம் வராத காரணத்தை ஆராய்பவர். எலி புரொபசர் என்று பெயர். அதே நிதிக்கு அவரும் போட்டி.

சின்னவன் அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். “அண்ணி, முழியைப் பாருங்க. ராத்திரி பூரா பொம்மை தூக்கின முழி.”

“ராத்திரி பூரா எலியைப் பார்த்த முழி அது,” என்றார் புரொபசர். காது நல்ல காது. “எனக்கு அந்த மாப்பிள்ளையைக் கண்டா ஆகாது, ஒத்துக்கறேன். பொழுதன்னிக்கும் ‘நிறுத்தாதே’ன்னு கத்தினா என் எலி எப்படித் தூங்கும்? எடுத்தது நானா இருந்தா ஜன்னல் வழியா வீசியிருப்பேன். கீழே போய்ப் பாருங்க.”

அண்ணி நிஜமாகவே ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பிறகு பெஞ்சைச் சுற்றி வந்தாள். சுவரிலிருந்த பிளக்கில் அவள் பார்வை நின்றது.

“இங்க என்ன செருகியிருந்தது?”

“மாப்பிள்ளையோட சார்ஜர். அட... அதுவும் இல்லையே!”

“அப்போ இவர் இல்ல.” அண்ணி புரொபசரைப் பார்த்துக் கும்பிட்டாள். “நீங்க போய் எலியைத் தாலாட்டுங்க சார்.”

“எப்படிச் சொல்றீங்க அண்ணி?”

“உன் வாயை அடைக்கணும்னு நினைக்கிறவன் உனக்குச் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போவானா? பொம்மை கெடணும்னு எடுத்தவன் சார்ஜரைத் தொடமாட்டான். எடுத்தது யாரோ, அவங்களுக்கு மாப்பிள்ளை பேசணும். பேசிக்கிட்டே இருக்கணும்.”

வாசல் காவலாளி நாற்காலியிலிருந்து எழாமலே சலாம் வைத்தார்.

“காலைலேயே டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேனே. நேத்து சாயங்காலம் நான்தான் ட்யூட்டி. பொம்மை எதுவும் இந்த வாசலைத் தாண்டலை.”

“பொம்மையை விடுங்க. மனுஷங்க யார் யார் தாண்டினாங்க?” என்றாள் அண்ணி.

“எல்லாரும்தான் போனாங்க. ஒரு அம்மா புருஷனைச் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. நான்தான் கைகொடுத்து டாக்ஸியில ஏத்திவிட்டேன். போர்வையைத் தலைவரைக்கும் போர்த்தியிருந்தார். பாவம், ஆளு தக்கை மாதிரி. காலு ரெண்டும் துணி மாதிரி துவளுது. என்ன வியாதியோ!”

“உடம்புக்குள்ள பஞ்சு பரவற வியாதி,” என்றான் சின்னவன்.

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். காவலாளி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்லப் புரிந்ததும், நாற்காலியிலிருந்து முதல்முறையாக எழுந்து நின்றார்.

“அவர்கிட்ட அந்தம்மா ஏதாவது பேசினாங்களா?” அண்ணி கேட்டாள்.

“பேசினாங்க. ‘காத்து ஜாஸ்தியா இருக்கா, கண்ணாடியை ஏத்தட்டுமா?’ன்னு கேட்டாங்க. அவர் வாயே திறக்கலை. பேச்சு வராதாம்மான்னு கேட்டேன். ‘வெளியில எல்லாம் நல்லாத்தான் பேசறார். என்கிட்டதான் வரமாட்டேங்குது’ன்னாங்க.”

அண்ணி சட்டென்று சின்னவன் பக்கம் திரும்பினாள்.

“கேட்டியா? திருடன் பேசற பேச்சா இது?”

“இல்ல அண்ணி. எங்க அண்ணனைப் பத்தி நீங்க போன்ல உங்க தங்கச்சிகிட்டப் பேசற பேச்சு.”

“அதேதான். இது ஒரு பொண்டாட்டியோட பேச்சு.”

*

கேன்டீன் மூலையில் உட்கார்ந்து டாக்டரின் போனில் வகுப்பு வீடியோக்களைப் பார்த்தார்கள். முதல் வீடியோவில் சந்தை. காய்க்கடைகளுக்கு நடுவே பாய் விரித்து மாப்பிள்ளை மல்லாந்திருந்தார். ஒரு கடைக்காரர் அழுத்த, “இன்னும் அழுத்து!” என்று கணீரென்று ஒரு குரல். சுற்றிலும் சிரிப்பு. கூட்டத்தில் காய்ப்பையோடு நின்ற ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சபாஷ்!” என்றதும் பையை நழுவவிட்டாள். உருளைக்கிழங்குகள் நாலாபக்கமும் உருண்டன.

அடுத்தது பஸ் ஓட்டுநர்கள் வகுப்பு. அதற்கடுத்தது சலூன்காரர்கள் வகுப்பு.

“நிறுத்துங்க,” என்றாள் அண்ணி. “இந்த அம்மா பஸ் ஓட்டறாங்களா?”

“இல்லையே.”

“முடி வெட்டறாங்களா?”

டாக்டர் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். காக்கிச் சட்டைகளுக்கு நடுவிலும், சலூன்காரர்களுக்கு நடுவிலும் முட்டி போட்டு அழுத்திக்கொண்டிருந்தது அதே அம்மாதான். மற்றவர்கள் ஒருமுறை ‘சபாஷ்’ வாங்கியதும் எழுந்துவிட்டார்கள். இந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

“ஆர்வமான மாணவின்னு நினைச்சேன்,” என்றாள் டாக்டர். “பேர்கூடக் கேட்கலை. போன வகுப்பில, ‘இதுக்கப்புறம் வகுப்பு இருக்குமான்னு தெரியலை’ன்னு நான் சொன்னப்போ முகமே செத்துப்போச்சு.”

“டாக்டர், அந்தக் குரல் யாரோடது?”

டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்தாள். “சொல்லமாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்.”

“வாக்கு பெருசா, மாப்பிள்ளை பெருசா?”

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். “கறார் சார்.”

பக்கத்து மேஜையிலிருந்த ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டே எழுந்து போய்விட்டார். கறாருக்கு ஊரில் அப்படியொரு பெயர். பல்கலைக்கழகத்தில் அவர் கையெழுத்து வாங்குவதைவிடக் கல்லிலிருந்து எண்ணெய் எடுப்பது சுலபம் என்பார்கள்.

“எனக்கு வாத்தியார். பஸ் ஸ்டாண்டு சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல் அவருக்குத்தான் உண்டு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பேசிக் கொடுத்தார். அப்போ அவர் வெறும் புரொபசர். இந்த வருஷம்...” டாக்டர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “இந்த வருஷம் அவர்தான் நிதிக்குழுத் தலைவர்.”

சின்னவன் மேஜையைத் தட்டினான். “முடிஞ்சுது கேஸு! இன்னிக்குக் கூட்டத்தில பொம்மை வாயைத் திறந்தா, தலைவர் குரல்ல பேசும். மானம் கப்பலேறும். அதான் ஆளை வச்சுத் தூக்கிட்டார். வாங்க அண்ணி, கையும் களவுமா பிடிக்கலாம்.”

“கையும் களவுமா பிடிப்போம்,” என்றாள் அண்ணி. “யார் கைங்கறதை அங்க போய்ப் பார்த்துக்கலாம்.”

*

ஆசிரியர் குடியிருப்பில் கறார் வீடு தனியாகத் தெரிந்தது. வேலிச்செடிகூட அளவெடுத்து வெட்டினாற்போல் நின்றது. அழைப்பு மணியில் விரல் வைக்கப் போன சின்னவன் அப்படியே நின்றான்.

“நிறுத்தாதே!” என்றது உள்ளேயிருந்து கணீர்க் குரல்.

“நான் இன்னும் அழுத்தவே ஆரம்பிக்கலையே,” என்றான் சின்னவன் வெலவெலத்து.

“இன்னும் அழுத்து!”

அண்ணி அவன் விரலைப் பிடித்து மணியை அழுத்தினாள். உள்ளே சத்தம் நின்றது. கதவு திறந்தது. வியர்த்த நெற்றியும் கலைந்த முடியுமாக நின்றது அந்த வீடியோ அம்மா.

“அவர் வீட்ல இல்லைங்களே.”

“நிறுத்தாதே!” என்றார் வீட்டில் இல்லாதவர்.

அம்மா வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் ஒதுங்கி நின்று, “உள்ள வாங்க,” என்றாள்.

கூடத்தின் நடுவே, வெள்ளைச் சட்டை போட்டு, முழங்கை வரை மடித்துவிட்டு, மாப்பிள்ளை ஜம்மென்று படுத்திருந்தார். தலைக்குத் தலையணை. பக்கத்தில் சார்ஜர்.

டாக்டர் ஓடிப்போய் முட்டி போட்டு ஒயர்களைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

“இன்னிக்கு மத்தியானம் இவர் இல்லைன்னா என் வேலையே போச்சும்மா,” என்றாள் அழாத குறையாக.

“ஐயையோ! எனக்குத் தெரியாதும்மா. வகுப்பு நின்னுடும்னு சொன்னியா, ரெண்டு நாள் வச்சுட்டுக் கொண்டாந்து விட்டுடலாம்னுதான் எடுத்தேன். ராத்திரி அவர் கண்ணுல படாம ஸ்டோர் ரூம்ல ஒளிச்சு வச்சேன். கூட்டம் கீட்டம்னு அவர் வீட்ல சொல்லமாட்டார். அவர் எதுவுமே சொல்லமாட்டார்.”

அம்மா சோபா விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்குக் காய் வாங்கப் போனேன். இவர் குரல் கேட்குது. யாருக்கோ சபாஷ் சொல்றார்! கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அந்த வார்த்தையைக் கேட்டதில்ல. சமையல் நல்லா இருந்தா பேசாம சாப்பிடுவார், நல்லா இல்லைன்னாலும் பேசாம சாப்பிடுவார். பொண்ணைப் படிக்க வச்சு, கட்டிக்கொடுத்து, அவரோட அம்மாவைக் கடைசிவரைக்கும் பார்த்து... சரி, அதை விடுங்க. கூட்டத்தில புகுந்து நானும் அழுத்தினேன். சபாஷ்ன்னார். எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனா மறுநாளும் போனேன்.”

சின்னவன் வாயைத் திறந்தான். அண்ணி பார்த்தாள். மூடிக்கொண்டான்.

“அது மட்டும்தானாம்மா?” என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

அம்மா தரையைப் பார்த்தாள். “கொஞ்ச நாள் முன்னாடி மாடிப்படியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கேட்டா, ஒண்ணுமில்ல, போன்னுட்டார். வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். ஒருநாள் விழுந்தார்னா என்னைத் தவிர யார் இருக்கா? கை தவறக்கூடாதேன்னு விடாம பழகறேன்.”

வாசலில் செருப்புச் சத்தம். கறார் உள்ளே வந்தார். கண்ணாடியை மறந்துவிட்டுப் போனவர் அதை எடுக்க வந்திருந்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், கூடத்தில் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு மல்லாந்திருக்கும் ஓர் ஆண்.

“யார்ரா அது?” என்று அவர் கர்ஜித்தார்.

“மாப்பிள்ளை சார்,” என்றான் சின்னவன். அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

அம்மா எழுந்து கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டார். பொம்மையைப் பார்த்தார், மாணவியைப் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

“என் சட்டை அது.”

“உங்க குரலும்தான்,” என்றாள் அம்மா. “பக்கத்தில வச்சிக்கிட்டா உங்களை மாதிரியேதான் இருக்கு. நல்லா செஞ்சா நல்லா இருக்குன்னு சொல்லுது, அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

கறார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அண்ணி முன்னால் வந்தாள். “சார், ஒண்ணு கேட்கணும். இன்னிக்குக் கூட்டத்தில இந்தத் திட்டத்துக்கு என்ன சொல்றதா இருந்தீங்க?”

“வேண்டாம்னு.”

“சார்!” டாக்டர் பதறி எழுந்தாள்.

“திட்டம் நல்ல திட்டம்மா. அதனாலதான்,” என்றார் கறார். “என் குரல் அதுல இருக்குன்னு என்னிக்காவது வெளிய வரும். சொந்தக் குரலுக்கே நிதி கொடுத்துக்கிட்டான்னு ஒருத்தன் சொல்லிடக்கூடாது. நான் வேண்டாம்னா குழுவே வேண்டாம்னுதான் சொல்லும். அதான் முடிவு பண்ணியிருந்தேன்.”

“அதாவது, நீங்க நேர்மையானவர்னு பேர் எடுக்க, இந்தப் பொண்ணு தோத்துப்போகணும்,” என்றாள் அண்ணி. “சார், உங்க குரலுக்காகத் தூக்கிக் கொடுக்கறதும் தப்பு, அதே குரலுக்காகக் கவுத்து விடறதும் தப்பு. ரெண்டுக்கும் நடுவில ஒரு வழி இருக்கு. உண்மையைச் சொல்லிட்டு நாற்காலியை விட்டு எழுந்து வெளிய வந்துடலாம். அதை யோசிக்கவே இல்லையா?”

இவ்வளவு நேராக அவரிடம் யாரும் பேசிப் பழக்கமில்லை.

“யோசிச்சேன்,” என்றார் கறார். “வெக்கமா இருந்தது. பொம்மைக்குக் குரல் கொடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணுமே.”

“அப்போ இந்தம்மா திருடாம இருந்திருந்தா,” என்றான் சின்னவன், “மாப்பிள்ளை கூட்டத்துக்கு வந்திருப்பார், திட்டம் செத்திருக்கும். அம்மா, நீங்க திருடினதில ஒரு உசிரு பொழைச்சிருக்கு!”

அம்மா கணவரைப் பார்த்தாள். அவர் எழுந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “டாக்ஸி கூப்பிடுங்க. நேரமாச்சு.”

“சார்,” என்றாள் டாக்டர், மாப்பிள்ளையை ஒரு பக்கம் தூக்கியபடி. “கூட்டம் முடிஞ்சதும் நீங்க நேரா என் வார்டுக்கு வர்றீங்க. அந்த மாடிப்படி வலி என்னன்னு பார்க்கணும்.”

“ஒண்ணுமில்ல அது.”

“வருவார்,” என்றாள் அம்மா.

*

நிதிக்குழு அறையில் நீண்ட மேஜையைச் சுற்றி உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கறார் நடு நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே பேசினார். இரண்டே வாக்கியம். பொம்மைக்குள் இருப்பது தன் குரல் என்றார். அதனால் இந்தத் திட்டத்தைப் பற்றித் தான் எதுவும் சொல்லப்போவதில்லை என்றார். உறுப்பினர்களைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் விளக்கினாள். செய்து காட்ட யாராவது வேண்டும் என்றபோது, பின்சுவரோரம் அண்ணிக்குப் பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே போனாள். முட்டி போட்டாள். முழங்கை மடங்காமல், ஒரே சீராக, கை ஓயாமல் அழுத்தினாள். மாப்பிள்ளைக்கு அதட்ட ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. கேள்வி கேட்பதற்காகவே வந்த ஓர் உறுப்பினர் பேனாவை மூடி வைத்தார்.

நிதி உண்டு என்று முடிவானது. எலிகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார் மூத்த உறுப்பினர்.

“தலைவர் குரலோட இது ஊருக்குள்ள போகக்கூடாது. வேற யாராவது பேசணும். நல்லா உரக்க, அதட்டலா. யார் இருக்காங்க டாக்டர்?”

தரையிலிருந்து மூச்சு வாங்கியபடி பதில் வந்தது.

“நான் பேசறேங்க. வீட்ல கேட்க ஆள் இல்லாம எக்கச்சக்கமா மிச்சம் இருக்கு.”

அறையே அதிரச் சிரித்தது. சின்னவன் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “அண்ணி, என் வேலைக்கே உலை வச்சுட்டாங்க இந்தம்மா,” என்றான்.

கதவைத் திறந்துகொண்டு அம்மா முதலில் வெளியே வந்தாள். பெஞ்சிலிருந்த கறார் நிமிர்ந்தார்.

“உள்ள என்ன அவ்வளவு சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல,” என்றாள் அம்மா. “வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்.”

“இல்ல,” என்று அவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டார். “இப்பவே சொல்லு.”